பதிப்பில் விடுபட்ட பெயர்கள்: தஞ்சை அரசவை நூலொன்றின் பதிப்பு வரலாறும் ஆய்வுலகில் சமத்துவமும்

ஆய்வுச் சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டியர் அவையில் வாழ்ந்த முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்தவனம்' 1887, 1910, 1952 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த பதிப்புகளால் அறியப்படுகிறது. முதற்பதிப்பில் விடுபட்ட பகுதிகளை இரண்டாவதில் மீட்டவர், ஆசிரியரைப் போலவே தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆய்வுலகில் பலதரப்பட்டோர் இடம்பெறுவது பிறருக்குக் காட்டும் சலுகையன்று, அது மூலபாடத்தின் செம்மைக்கே தேவையானது என்பதை இவ்வரலாற்றின் வழி இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: தஞ்சாவூர், முத்துப்பழனி, நாகரத்தினம்மாள், பதிப்பு வரலாறு, திருவையாறு, ஆய்வுச் சமத்துவம்.

முன்னுரை

ஆய்வு நிறுவனங்களில் சமத்துவம் பற்றிய பேச்சு, பெரும்பாலும் எத்தனை பேர் எந்தப் பிரிவிலிருந்து வந்துள்ளனர் என்ற கணக்கோடு நின்றுவிடுகிறது. அக்கணக்கு தேவையானதே. எனினும், ஒரு தரப்பினர் ஆய்விலிருந்து விலக்கப்படும்போது இழப்பு அவர்களுக்கு மட்டுமா, அறிவுத்துறைக்கும் உண்டா என்ற வினாவிற்கு அது விடை தருவதில்லை. காவிரிப் படுகையின் பதிப்பு வரலாறு அவ்வினாவிற்குத் தெளிவான விடையை வைத்திருக்கிறது.

தஞ்சை அரசவையும் பெண்பாற் புலமையும்

தஞ்சையில் பெண்கள் நூல் இயற்றியது அரிதாக நிகழ்ந்த ஒன்றன்று. இரகுநாத நாயக்கரைப் பாடிய இராமபத்ராம்பாவின் வடமொழிக் காப்பியமான 'இரகுநாதாப்யுதயம்', விஜயராகவ நாயக்கர் அவையைச் சார்ந்த ரங்காஜம்மாவின் தெலுங்குப் படைப்பான 'மன்னாருதாச விலாசம்' ஆகியவை பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நாயக்கர்களுக்குப் பின் வந்த மராட்டியரும் இப்புலமை மரபைப் போற்றினர். பிரதாபசிம்மர் (1739–1763) அவையில் விளங்கிய முத்துப்பழனி இம்மரபின் தொடர்ச்சியாவார். ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் பெயர்த்தவரும் இவரே என்பதால், தமிழ் இலக்கிய வரலாற்றிற்கும் இவர் உரியவராகிறார்.

கண்ணனுக்கு இளா என்னும் பெண்ணை மணமுடித்து வைக்கும் ராதையின் துயரும், ஊடலும், அவளைக் கண்ணன் ஆற்றுவிப்பதும் 'ராதிகா சாந்தவனம்' நூலின் பொருள். காதலைப் பெண்ணின் விழைவு நிலையிலிருந்து இந்நூல் பேசுகிறது. நூலின் முகவுரையில் முத்துப்பழனி தம் பாட்டி முதலானோரை அறிமுகப்படுத்தித் தம் மரபை உரைக்கிறார். தம் கல்வியையும், புலவர்கள் தமக்கு நூல்களை உரிமையாக்கிய சிறப்பையும் பெருமிதத்தோடு எடுத்துரைக்கிறார். ஆண் புலவர்கள் குலமுறை கிளத்தும் இடத்தில் இவர் தம் குடும்பத்துப் பெண்களை நிறுத்தினார் என்பது குறிப்பிடத்தக்கது.

1887: இரு பதிப்புகள்

மொழியறிஞர் சி. பி. பிரவுனோடு தொடர்புடைய வெங்கடநரசு என்பவர் 1887இல் இந்நூலை அச்சேற்றினார். ஓலையிலிருந்து அச்சிற்குக் கொணர்ந்த அவர் பணி பாராட்டிற்குரியது. ஆயினும், அப்பதிப்பில் முகவுரையும் நிறைவுரையும் இடம்பெறவில்லை. செய்யுட்கள் சிலவும் விடுபட்டன. இதன் விளைவாக நூல் கிடைத்தது, நூலாசிரியர் மறைந்தார். அவர் எந்தக் குடியில் பிறந்தார், யாரிடம் கற்றார், எத்தகைய மதிப்பைப் பெற்றிருந்தார் என்பதை அப்பதிப்பைக் கொண்டு அறிய வழியில்லை.

இதே 1887ஆம் ஆண்டில், தஞ்சைக்கு அண்மையிலுள்ள கும்பகோணத்தில் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். சைவச் சூழலில் பயின்ற அவருக்குச் சமணக் கோட்பாடுகள் புதியவை. அவற்றைத் தெளிந்துகொள்ள அவர் நாடியது, அந்நகரில் சிந்தாமணியைத் தொடர்ந்து பயின்றுவந்த சமணரை. நூலைத் தம் வழிபாட்டு மரபாகக் கொண்டிருந்த மக்களை ஆசிரியராக ஏற்றுக் கேட்டறிந்த பிறகே அப்பதிப்பு செம்மை பெற்றது. ஒரே ஆண்டில் தோன்றிய இவ்விரு பதிப்புகளையும் அடுத்தடுத்து வைத்துக் காணும்போது, உரியவரைக் கேட்டு அறிவதற்கும் கேளாமல் விடுவதற்கும் உள்ள வேறுபாடு புலனாகிறது.

1910: ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர்

நாகரத்தினம்மாள் 1878இல் மைசூர் நாட்டு நஞ்சன்கூட்டில் பிறந்தவர். இசையிலும் பன்மொழிப் பயிற்சியிலும் தேர்ந்து, சென்னையில் புகழ்பெற்ற பாடகியாக விளங்கினார். தஞ்சையின் தெலுங்கு இலக்கியம் பற்றிய படிப்பின் வழியே முத்துப்பழனியின் பெயரை அறிந்த அவர், அச்சுப்பிரதியைத் தேடிப் பெற்றார். பின்னர் மூலப்படியும் கைக்கு வந்தது. இரண்டையும் ஒப்பிட்டபோது விடுபாடுகள் வெளிப்பட்டன. முழுமையான பாடத்தை 1910இல் சென்னை வாவிள்ள பதிப்பகத்தின் வழி அவர் வெளிக்கொணர்ந்தார்.

ஒப்பீடு என்பது எல்லாப் பதிப்பாசிரியர்க்கும் பொதுவான முறை. இதில் நாகரத்தினம்மாள் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனால் ஒப்பிட வேண்டும் என்ற எண்ணம் எவர்க்கு எழுந்தது என்பதே இங்கு வினா. பிறருக்கு முகவுரை ஒரு சடங்காகத் தோன்றியிருக்கலாம். பாட்டியின் பெயரைச் சொல்லி மரபுரைக்கும் பெண்ணை அடையாளம் கண்டுகொண்டவருக்கு அது நூலின் இன்றியமையாத உறுப்பாயிற்று. கேள்வி வாழ்க்கையிலிருந்து வந்தது. விடையோ பாட ஆய்வு நெறியால் உறுதிப்பட்டது. இரண்டும் சேர்ந்ததாலேயே அப்பதிப்பு சிறந்தது.

அப்பதிப்பின் முன்னுரையில் அவர் மற்றொரு பணியையும் ஆற்றினார். தெலுங்குப் புலவர் வரலாற்றை எழுதிய கந்துகூரி வீரேசலிங்கம், இந்நூலின் காதற் பகுதிகள் ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரத்தகாதவை எனக் கண்டித்திருந்தார். கைம்பெண் மறுமணத்திற்கும் பெண்கல்விக்கும் பாடுபட்ட சீர்திருத்தவாதி அவர். ஆண் புலவர் பாடினால் சுவை, பெண் பாடினால் இழுக்கு என்ற இரட்டை அளவுகோலை நாகரத்தினம்மாள் எதிர்வினவினார். அக்கண்டனக்காரரே அத்தகைய காதற் பொருள் கொண்ட வேறு நூலை ஏற்றுப் போற்றியதையும் சுட்டினார். பெண்ணுரிமைக்கு உழைத்தவரும் தாம் காக்க விழைந்த பெண்ணுக்கு ஒரு வரையறை வைத்திருந்தார் என்பதும், அதனைக் காண அவ்வரையறைக்குப் புறத்தே நின்ற ஒருவர் தேவைப்பட்டார் என்பதும் இவ்விவாதம் உணர்த்தும் உண்மைகள்.

தடையும் மீட்பும்

1911இல் ஆபாசம் என்ற குற்றச்சாட்டின் பேரில் காவல்துறை நூற்படிகளைக் கைப்பற்றியது. அரசின் தடையும் தொடர்ந்தது. பதிப்பகத்தார் எதிர்த்து நின்றனர்; புலவர் பலர் தடையை நீக்கக் கோரி விண்ணப்பித்தனர். நாகரத்தினம்மாள் தனித்து விடப்படவில்லை என்பதை நேர்மையோடு பதிவு செய்தல் வேண்டும். எனினும், முழுமையற்ற முதற்பதிப்பு இருபதாண்டுகளுக்கு மேலாக இடையூறின்றி வழங்கியதும், ஆசிரியர் இன்னார் என்று உரைத்த முழுப்பதிப்பு வெளிவந்த மறு ஆண்டே முடக்கப்பட்டதும் வரலாற்றில் அடுத்தடுத்து நிற்கின்றன.

த. பிரகாசம் சென்னை மாகாண அரசுக்குத் தலைமை தாங்கிய காலத்தில் தடை நீங்கியது. 1952இல் நூல் மீண்டும் அச்சாயிற்று. அதே ஆண்டு மே மாதம் நாகரத்தினம்மாள் மறைந்தார். ஒரு பாடத்தைத் திருத்தியமைக்குச் சமூகம் கேட்ட விலை, ஏறக்குறைய ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட காலம்.

திருவையாற்றில் மற்றொரு வாயில்

காவிரிக் கரையில் தஞ்சைக்கு அருகே உள்ள திருவையாற்றில் தியாகராசர் 1847இல் மறைந்தார். கவனிப்பாரற்றுக் கிடந்த அவரது சமாதியிடத்தைத் தம் இசையால் ஈட்டிய பொருளைக் கொண்டு கட்டடமாக்கியவர் நாகரத்தினம்மாள். ஆராதனையை நடத்திவந்த குழுக்களோ அங்குப் பெண்கள் பாடுவதை ஏற்கவில்லை. பொருளை ஏற்றவர்கள் குரலை ஏற்கவில்லை. அவர் 1927இல் பெண்கள் கட்சி ஒன்றை அமைத்து, பெண்கள் பாடும் ஆராதனையைத் தனியே தொடங்கினார். 1940ஆம் ஆண்டளவில் பிரிவுகள் ஒன்றிணைந்தபோது அவ்வாயில் பெண்களுக்கும் திறந்தது.

ஆய்வுத்துறைக்கு இந்நிகழ்ச்சி அயலானதன்று. தகவல் தருபவர், சுவடி வைத்திருப்பவர், பாடிக் காட்டுபவர், வயலில் நின்று விதையின் பெயரைச் சொல்பவர் என்று பலருடைய உழைப்பை ஏற்கும் ஆய்வு, நூலின் முகப்பில் பெயரிடும்போது அவர்களுக்கு இடம் தருவதில்லை. திருவையாற்றில் வாயிற்புறத்தே நிறுத்தப்பட்ட புரவலரின் நிலையே அவர்கள் நிலையும்.

இன்றைய ஆய்வுலகிற்கு இதன் பொருள்

ஆய்வுக்குத் தகுதியொன்றே அளவுகோல், ஆய்வாளர் யார் என்பது பொருட்டன்று என்பர் சிலர். முடிவுகளைச் சோதிக்கும் நிலையில் இக்கூற்று முற்றிலும் பொருந்தும். நாகரத்தினம்மாளின் பாடமும் சுவடியைக் கொண்டே ஏற்கவோ மறுக்கவோ தக்கது. ஆனால் எந்த வினாவை எழுப்புவது, எந்த விடுபாட்டை விடுபாடாகக் காண்பது என்ற தொடக்க நிலையில் ஆய்வாளரின் பட்டறிவு செயல்படுகிறது. ஒரே வகைப் பட்டறிவுடையோர் மட்டும் கூடிய அவையில், அனைவரும் ஒரே இடத்தைக் காணாமல் கடந்துவிடுதல் எளிது.

மற்றொன்றும் கருதத்தக்கது. தேவதாசி முறை ஒழிப்பிற்கு முத்துலட்சுமி ரெட்டி முயன்றபோது நாகரத்தினம்மாள் அதனை எதிர்த்தார். பெண் விடுதலையை நாடும் இன்றைய ஆய்வாளர் பலர் அந்நிலைப்பாட்டை ஏற்கமாட்டார். ஆயினும் அவரது பதிப்புப் பணியின் மதிப்பு அதனால் குறைவதில்லை. சமத்துவம் என்பது நம்மோடு உடன்படுவோரை மட்டும் அவைக்கு அழைப்பதன்று.

முடிவுரை

'ராதிகா சாந்தவனம்' நூலின் பதிப்பு வரலாறு மூன்று செய்திகளை உறுதிப்படுத்துகிறது. விலக்கல் முதலில் பெயர்களிலேயே நிகழ்கிறது. விலக்கப்பட்ட தரப்பினர் ஆய்வாளராக வரும்போது பாடமே திருந்துகிறது. அத்திருத்தம் நிலைபெறப் பதிப்பகமும் புலவர் குழுவும் துணைநிற்க வேண்டியுள்ளது. தஞ்சைச் சுவடிகளை இனி அட்டவணைப்படுத்துவோரும் பதிப்பிப்போரும் முகவுரைகளையும் நிறைவுரைகளையும் முதலில் நோக்குதல் நன்று. பாட்டியின் பெயரை ஒருவர் எழுதிவைத்திருப்பாராயின், அதனை அழியாமல் அடுத்தவர் கையில் சேர்ப்பதே பதிப்பாசிரியரின் முதற்கடமை.