காரியதரிசி போன பிறகு

மாண்டேய்னைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் அவரை ஒரு கோபுரத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறார்கள். வட்டமான அறை, சுற்றிலும் புத்தகங்கள், உத்தரங்களில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் எழுதிவைத்த வாசகங்கள். உலகத்தை விட்டு விலகிய ஒருவர் தன்னைத் தானே கண்டுகொண்டார், அதிலிருந்து கட்டுரை என்கிற இலக்கிய வடிவம் பிறந்தது என்று கதை முடிகிறது. கல்லூரியில் எங்களுக்கும் இப்படித்தான் சொல்லித் தந்தார்கள். பரீட்சையில் நானும் இப்படித்தான் எழுதினேன். கோபுரம் நிஜம்தான். ஆனால் கோபுரம் அவருக்கு நடையைக் கொடுத்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

1571இல், தம் 38ஆவது பிறந்த நாளில், நீதிமன்ற வாழ்க்கை போதும் என்று சுவரில் லத்தீனில் எழுதிவைத்துவிட்டு அவர் நூலகத்துக்குள் போனார். 1580இல் போர்தோ நகரத்தில் சிமோன் மிலாஞ்ஷ் அச்சிட்ட முதல் பதிப்பு வந்தது. இரண்டு பாகங்கள், 94 அத்தியாயங்கள். இவற்றில் முந்தி எழுதப்பட்டவை பலவும் சின்னச் சின்னத் தொகுப்புகள். ஒரு தலைப்பு, அதன்கீழ் புளூட்டார்க்கிலிருந்து ஒரு சம்பவம், செனக்காவிலிருந்து ஒரு கருத்து, ஒரு ரோமானியத் தளபதி, கடைசியில் ஒரு நீதி. எந்தப் பகுதி எப்போது எழுதப்பட்டது என்று அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டியவர் பியேர் வில்லே. அவர் ஆராய்ச்சி 1908இல் வெளியாயிற்று. (வில்லே சிறு வயதிலேயே கண்பார்வை இழந்தவர். பார்வையுள்ளவர்கள் முந்நூறு வருஷமாகப் பார்க்காத அடுக்குகளை விரலால் தடவிக் கண்டுபிடித்தார்.) அந்த அடுக்குகளைப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. கோபுரத்தின் முதல் வருஷங்கள் மாண்டேய்னுக்குக் கொடுத்தது மேற்கோள்களைத்தான்.

இதில் எனக்குச் சொந்தமான ஒரு சங்கடம் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். என் ஆரம்பக் கட்டுரைகளில் எலியட் பெயர் இல்லாத பக்கம் கிடையாது. ஒரு கவிதை எனக்குப் பிடித்தது என்று சொல்வதற்குக்கூட இரண்டு வெள்ளைக்காரர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். 'நான்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வாசகன்' என்று எழுதினேன். அந்த வாசகன் யார் என்று கேட்டால் பதில் கிடையாது.

மாண்டேய்ன் தம் எழுத்துக்கு வைத்த பெயருக்குப் பிரெஞ்சில் முயற்சி என்றும், ருசி பார்த்தல் என்றும், உலோகத்தின் தரத்தைச் சோதித்தல் என்றும் பொருள் வரும். நம் சொல் கட்டுரை. கட்டி அமைத்த உரை. இரண்டு சொற்களும் எதிரெதிர்த் திசையில் போகின்றன என்று நெடுநாள் நினைத்திருந்தேன். வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருந்த நாட்களில், மதிப்பீட்டாளர் நகையைக் கல்லில் உரைத்துப் பார்ப்பதைத் தினமும் பார்க்க நேர்ந்தது. உரை என்பதற்கு அந்த அர்த்தமும் இருக்கிறதே என்று அப்போதுதான் தோன்றியது. உரைகல்லில் நகையின் வேலைப்பாட்டுக்கு மதிப்பில்லை. கோடு விழுகிறதா, என்ன நிறத்தில் விழுகிறது என்பதுதான் விஷயம்.

1580 ஜூன் 22 அன்று, புத்தகம் வெளியான சூட்டோடு, மாண்டேய்ன் வீட்டைவிட்டுக் கிளம்பினார். வயது 47. இரண்டொரு வருஷமாகச் சிறுநீரகக் கல் உபாதை. அது அப்பாவிடமிருந்து வந்த சொத்து. அப்பாவுக்கும் அதே வியாதி. ஐரோப்பாவின் வெந்நீர் ஊற்றுகளில் குளித்தும் குடித்தும் பார்ப்பது வெளியே சொல்லிக்கொண்ட காரணம். நாட்டில் மதச்சண்டை, வீட்டில் எஸ்டேட் நிர்வாகம், இவற்றிலிருந்து தப்பிப்பது சொல்லிக்கொள்ளாத காரணம் அல்ல. அதையும் பிற்பாடு அவரே ஒளிக்காமல் எழுதிவிட்டார். கூட ஒரு தம்பி, சில இளைஞர்கள், வேலையாட்கள். வேலையாட்களில் ஒருவன் காரியதரிசி. பயணக் குறிப்பு எழுதுவது அவன் பொறுப்பு.

குறிப்பில் கிட்டத்தட்டப் பாதி அந்தக் காரியதரிசியின் கை. அதில் மாண்டேய்ன் படர்க்கையில் வருகிறார். திரு. மாண்டேய்ன் இன்ன ஊரில் இன்னது சாப்பிட்டார், இன்ன நீரை இத்தனை தம்ளர் குடித்தார் என்ற மாதிரி. எவ்வளவு தூரம் எஜமான் சொல்லச் சொல்ல எழுதியது, எவ்வளவு அவனுடையது என்று இன்றும் வாதம் நடக்கிறது. எப்படியிருந்தாலும் அவன் லேசான ஆள் இல்லை. ஜெர்மன் நாடுகளில் தம்முடன் ஒரு சமையல்காரனைக் கூட்டி வராததற்காக எஜமான் வருத்தப்பட்டதை, அந்த ஊர்ச் சமையலை அவன் கற்றுக்கொண்டிருப்பானே என்ற வருத்தத்தை, பதிவுசெய்திருக்கிறான். நேர் வழியை விட்டு எஜமான் சுற்றிச் சுற்றிப் போவதாகக் கூட வந்தவர்கள் முணுமுணுத்ததும், தமக்குப் போய்ச்சேர வேண்டிய இடம் என்று ஒன்று கிடையாது என்று அவர் சமாளித்ததும் அவன் மூலம்தான் நமக்குத் தெரிகிறது. தனியாக விட்டிருந்தால் அவர் இத்தாலிக்குப் போகாமல் கிராக்கோவுக்கோ, தரைவழியாகக் கிரேக்கத்துக்கோ போயிருப்பார் என்றும் எழுதுகிறான். எஜமானை இவ்வளவு கூர்மையாகக் கவனித்த வேலைக்காரர்கள் குறைவு.

பாசல், ஆக்ஸ்பர்க், மியூனிக், இன்ஸ்ப்ரூக், வெனிஸ், ப்ளாரன்ஸ். நவம்பர் 30 அன்று ரோம். அங்கே ஊர் சுற்றிக் காட்ட ஒரு பிரெஞ்சு வழிகாட்டியை அமர்த்தினார். ஏதோ மனஸ்தாபம், அவன் விலகிவிட்டான். மாண்டேய்ன் ராத்திரிகளில் வரைபடங்களையும் புத்தகங்களையும் வைத்துக்கொண்டு படித்து, பகலில் தாமே போய்ச் சரிபார்த்தார். சில நாட்களில் அந்த வழிகாட்டிக்கே வழிகாட்டக்கூடியவராகிவிட்டார். சிரித்துவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும் சம்பவம். ஆனால் இரண்டு மாதம் கழித்து இன்னொரு ஆளும் போகிறான்.

1581 பிப்ரவரி நடுவில் காரியதரிசிக்கு விடை கொடுத்தாயிற்று. காரணம் சொல்லப்படவில்லை. வேலை இவ்வளவு தூரம் வந்துவிட்டது, எவ்வளவு தொல்லையானாலும் இனி நானே தொடர வேண்டியதுதான் என்ற பொருளில் மாண்டேய்ன் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். அடுத்த பதிவில், பிப்ரவரி 16, ஒரு சின்னக் கோயிலில் பாதிரியார் ஒருவர் பிசாசு பிடித்தவனுக்கு ஓட்டிக்கொண்டிருப்பதை 'நான்' பார்க்கிறேன். பெரிய அறிவிப்பு எதுவும் இல்லை. படர்க்கை தன்மையாக மாறிவிட்டது, அவ்வளவுதான். அலுப்பான ஒரு வேலையைச் செய்ய ஆள் இல்லாததால்.

அவரிடம் 'நான்' ஏற்கனவே இருந்ததே என்று கேட்கலாம். கேட்க வேண்டும். 1580 பதிப்பிலேயே குதிரையிலிருந்து விழுந்து நினைவிழந்து மீண்டதைப் பற்றிய அற்புதமான அத்தியாயம் இருக்கிறது. முன்னுரையிலும் என் புத்தகத்தின் பொருள் நானே என்கிற தோரணை உண்டு. தோரணை என்றுதான் சொல்வேன். அந்த 'நான்' அச்சுக்காக உடுத்திக்கொண்ட 'நான்'. பயணக் குறிப்பின் 'நான்' யாருக்காகவும் இல்லாதது. அச்சிடும் உத்தேசம் இல்லை. எழுதி மெருகேற்றவும் இல்லை.

ரோமில் இன்னொன்றும் நடந்தது. ஊருக்குள் நுழையும்போது சுங்கத்தில் அவர் புத்தகங்களைச் சோதனைக்கு வாங்கிக்கொண்டார்கள். அவற்றில் அவருடைய கட்டுரைகளும் உண்டு. 1581 மார்ச் 20 அன்று திரும்பக் கிடைத்தன. தணிக்கை செய்த அதிகாரிக்குப் பிரெஞ்சு தெரியாது. யாரோ ஒரு பிரெஞ்சுத் துறவி சொன்னதை வைத்துத் தீர்ப்பு. அதிர்ஷ்டம் என்ற சொல்லைப் பயன்படுத்தியது, திருச்சபைக்கு விரோதமான கொள்கையுடைய கவிஞர்களின் பெயரைச் சொன்னது, ஜூலியன் சக்கரவர்த்திக்குப் பரிந்து பேசியது, வெறும் மரணத்துக்கு மேற்பட்ட தண்டனை எல்லாம் கொடுமை என்றது ஆகியவை ஆட்சேபங்கள். திருத்துவது உங்கள் மனசாட்சிக்கு என்று மரியாதையாகவே விட்டுவிட்டார்கள். மாண்டேய்ன் 1582இல் மறுபதிப்புப் போட்டார். அதிர்ஷ்டம் அங்கேயே இருந்தது. எதிர்த்துக் குரல் எழுப்பவில்லை, பணிந்து நீக்கவும் இல்லை. ஒரு எழுத்தாளன் தன் சொற்களில் எவை தன்னுடையவை என்று தெரிந்துகொள்ளத் தணிக்கைக்காரன் உபயோகப்படுகிறான் போலும்.

எனக்கு முக்கியமாகப் படுகிற இடம் ரோம் அல்ல, லூக்கா நகருக்கு அருகே மலையில் இருக்கும் வெந்நீர் ஊற்றுக் கிராமம். மே முதல் வாரத்தில் அங்கே போனார். கோடையில் ஒரு முறை வெளியே போய்விட்டு ஆகஸ்டில் திரும்பி வந்தார். மே 13 அன்று திடீரென்று பிரெஞ்சை விட்டுவிட்டு இத்தாலிய மொழியில் குறிப்பெழுத ஆரம்பிக்கிறார். அந்த மொழியைக் கொஞ்சம் முயன்று பார்ப்போம் என்று சொல்ல அவர் எடுக்கும் இத்தாலியச் சொல், அவர் புத்தகத் தலைப்பின் உடன்பிறப்பு. வேரும் ஒன்று, ருசி பார்ப்பதும் ஒன்று. பல மாதம் அந்த மொழியிலேயே எழுதினார். நன்றாக எழுதவில்லை. அன்னிய மொழியில் அலங்காரம் வராது, கைவசம் உள்ள சில நூறு சொற்களுக்குள் விஷயத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். லத்தீனைத் தாய்மொழி போல ஊட்டி வளர்க்கப்பட்டவர் அவர். மேற்கோள் நாக்கு நுனியில் நிற்கும். இத்தாலியனில் அந்தக் கையிருப்பு உதவவில்லை.

ஆகவே என்ன எழுதினார்? எத்தனை தம்ளர் நீர் குடித்தேன், எவ்வளவு வெளியே போயிற்று, என்ன நிறம். கிராமத்துப் பெண்களுக்கு நடன விருந்து வைத்துப் பரிசு கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத, ஆனால் சரளமாகக் கவி கட்டுகிற ஓர் ஏழைக் குடியானவப் பெண்ணை என் மேஜையில் உட்கார வைத்தேன். ஆகஸ்ட் 24 அன்று ஒரு கல் விழுந்தது. அதன் நீளம், பருமன், வடிவம். அந்த வலியை ஒட்டி, சாவுக்கு எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்று ஒரு யோசனை. கோபுரத்தில் சாவைப் பற்றி எழுதியபோது அத்தியாயம் முழுக்க செனக்காவும் லுக்ரீஷியஸும் நின்றார்கள். இங்கே கல் ஒன்று, யோசனை ஒன்று, இரண்டுக்கும் நடுவில் யாரும் இல்லை.

1588இல் பாரிஸில் வெளியான பதிப்பில் மூன்றாம் பாகம் சேர்ந்தது. 13 அத்தியாயங்கள்தான், ஆனால் பல மிக நீளம். வீண்பெருமை பற்றிய அத்தியாயம், அவர் பயணம் போன மாதிரியே போகிறது. நேர்வழி கிடையாது, பார்க்காமல் விட்ட இடம் இருந்தால் திரும்பிப் போய்ப் பார்க்கிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு சொந்த நாட்டுக்காரர்களோடு மட்டும் கூடிப் பேசும் பிரெஞ்சுக்காரர்களைக் கிண்டல் செய்கிறது. கடைசியில், தமக்கு ரோமாபுரிக் குடியுரிமை வழங்கிய பட்டயத்தை முழுசாக அப்படியே அச்சிட்டுவிடுகிறது. வீண்பெருமைக்கு வேறு உதாரணம் எதற்கு? கடைசி அத்தியாயத்தில் கல்லும், சாப்பாடும், தூக்கமும் பிளேட்டோவுக்குச் சமமாக உட்கார்ந்திருக்கின்றன. மேற்கோள்கள் போய்விடவில்லை, நிறையவே இருக்கின்றன. ஆனால் இப்போது அவை அவர் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள். முன்பு அவர் அவற்றின் வீட்டில் குடியிருந்தார்.

செப்டம்பர் 7 அன்று அந்தக் கிராமத்தில் ஒரு கடிதம் வந்தது. போர்தோ நகரத்தின் மேயராக அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். திரும்பும் வழியில் மோன் செனி கணவாயைக் கடந்து பிரெஞ்சு பேசும் மண்ணில் கால் வைத்ததும் குறிப்பும் பிரெஞ்சுக்குத் திரும்பிவிட்டது. 1581 நவம்பர் 30 அன்று வீடு. 17 மாதமும் 8 நாளும் ஆயிற்று என்று கணக்கு எழுதியிருக்கிறார்.

குறிப்பேடு ஒரு பழைய பெட்டிக்குள் போயிற்று. 1770இல் பிரூனி என்ற பாதிரியார் அந்த மாளிகையில் அதைக் கண்டெடுத்தார். 1774இல் அச்சாயிற்று. கோபுரத்துத் தத்துவவாதியைத் தேடி வந்தவர்களுக்கு மூத்திரக் கணக்குதான் கிடைத்தது. மூலப் பிரதி அரசு நூலகத்துக்குப் போய், அங்கிருந்து காணாமல் போய்விட்டது. ஆகவே காரியதரிசியின் எழுத்து எந்த வரியில் நின்றது, மாண்டேய்னின் எழுத்து எந்த மையில் தொடங்கிற்று என்று இன்று யாரும் பார்க்க முடியாது. அச்சில் இரண்டு கையும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அந்தக் காரியதரிசியின் பெயரும் எங்கேயும் குறித்து வைக்கப்படவில்லை.