ஆற்றுக்குக் கணக்கெழுதியவர்கள்

ஆறுகள் அத்தனையும் கடலிலே கலக்கின்றன; கடலோ நிரம்பி வழியக் காணோம்! மலையிலே ஊற்று ஓயாமல் சுரக்கிறது. மலையோ வறண்டு போகக் காணோம்! ஏன்? கடல்நீர் பூமிக்கடியிலுள்ள சுரங்கவழியே உப்பு நீங்கி மலையேறி ஊற்றாகிறது என்று ஐரோப்பியப் பண்டிதர் பலர் பல நூற்றாண்டுக் காலம் ஓதிவந்தனர். மழைநீர் ஆறுகளுக்குப் போதவே போதாதாம்! அளந்து பார்த்தனரோ? இல்லை. முன்னோர் எழுதினர், பின்னோர் தலையாட்டினர்.

தலையாட்ட மறுத்தார் பிரான்சு நாட்டின் மட்பாண்டக் கலைஞர் ஒருவர். பெர்னார்டு பாலிசி என்பது அவர் பெயர். கிரேக்கமும் இலத்தீனும் கல்லாதவர், மண்ணைக் கற்றவர். ஊற்றுக்கும் ஆற்றுக்கும் மழையே மூலம் என்று 1580-ல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். புராட்டஸ்டண்டு நெறியைக் கைவிட மறுத்த குற்றத்துக்காக முதுமையிலே சிறைப்பட்டு, பாஸ்டில் கோட்டையிலேயே மாண்டார்.

அவர் கண்டதற்குக் கணக்குக் காட்டியவர், வரித்துறைப் பதவியை இழந்த பியேர் பெரோ. சேன் ஆற்றின் தலைப்பகுதியிலே ஓராண்டில் பெய்யும் மழையையும், ஆற்றில் ஓடும் நீரையும் கணக்கிட்டார். மழை, ஆற்றுநீரைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு! 1674-ல் நூல் வந்தது. போதாது என்றனரே, ஆறில் ஒரு பங்கே ஆற்றுக்குப் போதுமென்றாகிவிட்டது! கடலிலிருந்து எழும் ஆவியின் அளவை 1687-ல் ஹாலி கணக்கிட்டுக் காட்டினார். கடல் ஆவியாகி, ஆவி மேகமாகி, மேகம் மழையாகி, மழை மண்ணில் ஊறியும் ஆறாய் ஓடியும் மீண்டும் கடலைச் சேர்கிறது. இதிலே எவருடைய கருணையும் இல்லை, கோபமும் இல்லை.

ஆனால், கணக்கை அறிந்த மனிதன் அதைக் கெடுக்கவும் வல்லவனானான். மத்திய ஆசியாவின் அரல் கடல், 1960 அளவில் பரப்பிலே உலகின் நான்காவது பெரிய ஏரி. நீர் வெளியேற வழியில்லை. அமுதாரியா, சிர்தாரியா எனும் ஈராறுகள் கொணர்வது வரவு. வெயில் உறிஞ்சுவது செலவு. பருத்தி விளைவிக்கச் சோவியத் அரசு அவ்வாறுகளை வாய்க்கால்களிலே திருப்பியது. வரவு குறைந்தது, வெயிலோ தன் வசூலைக் குறைக்கவில்லை. 2007-க்குள் ஏரி பத்தில் ஒரு பங்காயிற்று. மொய்னாக் துறைமுகத்துக் கப்பல்கள் மணலில் கிடந்தன. உப்பும் பூச்சிமருந்தும் கலந்த புழுதி ஏழை மக்களின் மூச்சிலே புகுந்தது.

அறியாமல் நேர்ந்ததன்று இது. ஏரி சுருங்கும் என அறிந்தே திட்டமிட்டனர். மக்களை மறந்த அறிவு, மூடநம்பிக்கையினும் கொடிது என்போம் நாம்!

மீட்சியும் அறிவினாலேதான். 2005-ல் காக்-அரல் அணை எழுந்தது. வடபகுதியில் நீர் உயர்ந்தது. மீனும் மீனவரும் திரும்பினர். தென்பகுதியோ மீளவில்லை.

தோழர்களே! ஏரி வற்றினால், எந்தத் தெய்வம் சினந்தது எனக் கேளாதீர். வரவென்ன, செலவென்ன, எடுத்தவர் யார், இழந்தவர் யார் என்று கேளுங்கள்!