ஜெர்மனியின் வரலாற்றில் தாய்மொழியும் பள்ளிக்கூடமும்



ஜெர்மனி என்றவுடன் நம்மில் பலருக்கு ஹிட்லரும் இரண்டாம் உலகப் போரும் பெர்லின் சுவரும்தாம் நினைவுக்கு வரும். அரசர்களையும் போர்களையும் கொண்டே ஒரு நாட்டின் வரலாற்றைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆசிரியர்களாகிய நாம் அதே வரலாற்றை வேறொரு வாயில் வழியாகவும் காணலாம். அந்நாட்டுப் பள்ளிகளில் எந்த மொழியில் கற்பித்தார்கள்? எதனைக் கற்பித்தார்கள்? எதற்காகக் கற்பித்தார்கள்? இம்மூன்று வினாக்களோடு அணுகினால், ஜெர்மனியின் ஏற்றத்திலும் வீழ்ச்சியிலும் மீட்சியிலும் வகுப்பறைக்கு இருந்த பங்கு தெளிவாகப் புலப்படும்.

லூத்தர் திறந்துவிட்ட கதவு

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஜெர்மனி என்றொரு தனி நாடு இல்லை. நூற்றுக்கணக்கான சிற்றரசுகளும் தன்னாட்சி நகரங்களும் ஒரு பேரரசரின் பெயரால் தளர்வாகப் பிணைக்கப்பட்டிருந்தன. சமயமும் கல்வியும் இலத்தீன் மொழியில் நடைபெற்றன. பொதுமக்கள் பேசியதோ வட்டாரத்திற்கு வட்டாரம் வேறுபட்ட ஜெர்மன்.

1517இல் விட்டன்பெர்க் நகரில் மார்ட்டின் லூத்தர் என்னும் துறவி, பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்து 95 கருத்துகளை முன்வைத்தார். அதிலிருந்து கிறித்துவ சமயத்தில் பெரும் பிளவு ஏற்பட்டதைப் பலரும் அறிவர். கல்வி வரலாற்றைப் பொறுத்தவரையில் அதற்குப் பின் அவர் செய்த பணியே பெரிது. வார்ட்பர்க் கோட்டையில் மறைந்து வாழ்ந்தபோது, புதிய ஏற்பாட்டை எளிய மக்களின் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அது 1522இலும் முழு விவிலியம் 1534இலும் அச்சேறின. குட்டன்பெர்க் அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே மெயின்ஸ் நகரில் நூல் அச்சிட்டிருந்ததால், லூத்தரின் மொழி விரைவாகப் பரவியது. சிதறிக் கிடந்த வட்டார வழக்குகளுக்கு நடுவே ஒரு பொது எழுத்துமொழி வலுப்பெற்றது.

நூல் இருந்தால் போதுமா? படிக்கத் தெரிய வேண்டுமே! 1524இல் நகர மன்றத்தாருக்கு எழுதிய ஒரு நூலில், ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் அமைக்க வேண்டும் என லூத்தர் வலியுறுத்தினார். அதே லூத்தர் 1543இல் யூதர்களைக் கடுமையாக இழித்தும் எழுதினார். பிற்காலத்தில் நாஜிகள் அதனைத் தங்கள் பரப்புரைக்குப் பயன்படுத்திக்கொண்டனர். இதனையும் சேர்த்துச் சொல்வதே வரலாற்றுக்கு நேர்மையாகும்.

தரங்கம்பாடியில் ஒரு ஜெர்மானிய மாணவர்

'ஒவ்வொருவரும் தம் தாய்மொழியிலேயே மறையை அறிய வேண்டும்' என்ற லூத்தரின் எண்ணம் தமிழையும் வந்தடைந்தது. சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்து, ஹாலே நகரில் பயின்ற பார்த்தலோமேயு சீகன்பால்கு, டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்டு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். சிறு பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் கப்பலில் வந்து சேர்ந்தன. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சாகியது. சமயம் பரப்புவதே அவரது நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவரவர் மொழிக்கு மதிப்பளித்தே அவரவர்க்குக் கற்பிக்க வேண்டும் என்ற கொள்கை அதற்கு அடித்தளமாக இருந்தது.

தோல்விக்குப் பின் எழுந்த கல்விச் சீர்திருத்தம்

ஜெர்மானிய அரசுகளுள் வலிமை பெற்று வளர்ந்தது பிரஷ்யா. அதன் மன்னர் முதலாம் பிரெடரிக் வில்லியம் 1717இல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும் என ஆணையிட்டார். அவருடைய மகன் இரண்டாம் பிரெடரிக் 1763இல் விரிவான பள்ளிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஐந்து வயது தொடங்கி பதின்மூன்று, பதினான்கு வயதுவரை பிள்ளைகள் பயில வேண்டும் என்றது அச்சட்டம். ஆனால், நடைமுறையில் சிற்றூர்ப் பள்ளிகளில் தையற்காரர்களும் முதிய படைவீரர்களும் ஆசிரியர்களாக இருந்தனர். சட்டம் எழுதுவது எளிது. ஆசிரியரை உருவாக்குவது அரிது.

1806இல் யேனா போரில் நெப்போலியனிடம் பிரஷ்யா தோற்றது. மறு ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையால் ஏறத்தாழப் பாதி நிலத்தை இழந்தது. அந்த இக்கட்டில் அரசு கல்வியின் பக்கம் திரும்பியது. 1809இல் கல்விப் பொறுப்பை ஏற்ற வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டே அப்பதவியில் இருந்தார். அதற்குள் பெர்லின் பல்கலைக்கழகம் உருவானது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக விரும்புவோர் அரசுத் தேர்வில் தேற வேண்டும் என்ற விதியும் 1810இல் வந்தது. ஒருவனை முதலில் மனிதனாகப் பண்படுத்த வேண்டும்; தொழிற்பயிற்சி அதன்பின் வரட்டும் என்பது ஹும்போல்ட்டின் கொள்கை.

பிள்ளைகளின் பூந்தோட்டம்

இன்று நம் பிள்ளைகள் செல்லும் பாலர் பள்ளியும் ஜெர்மனியில் தோன்றியதே. 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் ஃபிரெடரிக் ஃபுரோபல் சிறு பிள்ளைகளுக்கான விளையாட்டுக் கல்வியைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டார். 'பிள்ளைகளின் தோட்டம்' என்பது அதன் பொருள். 'தடிகா' என்னும் மலாய்ச் சுருக்கப் பெயரின் முதற்சொல்லான 'தாமான்' என்பதும் தோட்டத்தையே குறிக்கிறது.

1848ஆம் ஆண்டுப் புரட்சி ஒடுக்கப்பட்ட பின்னர், அரசு எதனையும் ஐயத்தோடு நோக்கியது. பாலர் பள்ளிகள் நாத்திகமும் பொதுவுடைமையும் பரப்புவதாகக் கூறி, 1851இல் பிரஷ்யா அவற்றைத் தடை செய்தது. ஃபுரோபலை அவருடைய அண்ணன் மகனோடு குழப்பிக்கொண்டதும் அதற்கொரு காரணம். மறு ஆண்டே ஃபுரோபல் காலமானார். தடை நீங்கியது 1860இல்.

தாய்மொழி பறிக்கப்பட்ட பிள்ளைகள்

1862இல் பிரஷ்யாவின் தலைமை அமைச்சரான பிஸ்மார்க், டென்மார்க், ஆஸ்திரியா, பிரான்சு ஆகியவற்றுடன் நிகழ்ந்த மூன்று போர்களின் வாயிலாகச் சிதறிய அரசுகளை ஒன்றாக்கினார். 1871 ஜனவரி 18ஆம் நாள் ஜெர்மானியப் பேரரசு அறிவிக்கப்பட்டது. தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்புறுதி, விபத்துக் காப்புறுதி, முதியோர் ஓய்வூதியம் ஆகியவற்றை 1883 முதல் 1889க்குள் சட்டமாக்கியவரும் அவரே.

ஆனால், பிரஷ்யாவின் கிழக்குப் பகுதியில் போலிஷ் மொழி பேசும் மக்கள் பெருந்தொகையாக வாழ்ந்தனர். அவர்களின் பள்ளிகளில் ஜெர்மன் மொழி பயிற்றுமொழியாகத் திணிக்கப்பட்டது. கடைசியில் சமயப் பாடத்தையும் ஜெர்மனில்தான் படிக்க வேண்டும் என்றனர். 1901 மே மாதம் விரேஷ்ணியா என்னும் ஊரில் பிள்ளைகள் ஜெர்மன் மொழியில் விடை கூற மறுத்தனர். ஆசிரியர்கள் அவர்களைப் பிரம்பால் அடித்தனர். திரண்டு வந்து எதிர்த்த பெற்றோர்களுள் சிலர் சிறைத்தண்டனை பெற்றனர். 1906, 1907ஆம் ஆண்டுகளில் பல்லாயிரம் போலந்துப் பிள்ளைகள் பள்ளிகளில் மறியல் செய்தனர்.

தாய்மொழியில் மறையைப் படிக்கும் உரிமைக்காக எழுந்தது லூத்தரின் இயக்கம். அதே மண்ணில், அதே உரிமையைக் கேட்ட பிள்ளைகளுக்குக் கிடைத்தது பிரம்படி. தன் மொழியைப் போற்றிய ஒரு சமுதாயம், பிறர் மொழியின்மீது இவ்வாறு கைவைத்தது. தமிழ்ப்பள்ளியோடு தொடர்புடைய நமக்கு இதன் வலி எளிதில் விளங்கும்.

கணக்குப் பாடத்தில் கலந்த நஞ்சு

முதல் உலகப் போரின் தோல்வி, 1923ஆம் ஆண்டின் கடும் பணவீக்கம், 1929க்குப் பின் வந்த வேலையின்மை ஆகியவை மக்களை அலைக்கழித்தன. 1933 ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் தலைமை அமைச்சரானார். இதனை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அன்றைய ஜெர்மனி கல்லாதோர் நாடன்று. உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்களையும் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட கட்டாயக் கல்வியையும் கொண்ட நாடு.

ஏப்ரல் மாதமே சட்டம் இயற்றி, யூத ஆசிரியர்களையும் மாற்றுக் கருத்துடையோரையும் பணிநீக்கம் செய்யத் தொடங்கினர். மே 10ஆம் நாள் பல நகரங்களில் நூல்கள் தீயிலிடப்பட்டன. அதனை முன்னின்று நடத்தியோர் பல்கலைக்கழக மாணவர்கள்! 'எமிலும் துப்பறிவாளர்களும்' என்ற சிறுவர் கதையை எழுதிய எரிக் கேஸ்ட்னர், தம் நூல்கள் எரிவதைக் கூட்டத்தில் நின்று தாமே பார்த்தார். அவர் இளமையில் ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றவர். 1938 நவம்பரில் யூதப் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளிலிருந்து முற்றாக வெளியேற்றப்பட்டனர்.

எஞ்சிய பிள்ளைகளுக்கு என்ன கற்பிக்கப்பட்டது? உயிரியல் பாடத்தில் இனவேற்றுமை. கணக்குப் பாடத்தில், மனநோயாளர் இல்லம் கட்டும் செலவில் எத்தனை குடும்பங்களுக்கு வீடு கட்டலாம் என்ற வகையான வினாக்கள். அக்கணக்கைச் செய்த பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1940 முதல் 1941 ஆகஸ்டு வரை, ஏறத்தாழ 70,000 மனநோயாளர்களும் உடற்குறையுடையோரும் நச்சுப்புகையால் கொல்லப்பட்டனர். தொடர்ந்து அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். ஆசிரியர்களுள் மிகப் பெரும்பாலோர் நாஜி ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினராயினர். நம்பிச் சேர்ந்தவரும் உண்டு. வேலைக்கு அஞ்சிச் சேர்ந்தவரும் உண்டு. பாடம் மட்டும் தடையின்றி நடந்தது.

மறுத்து நின்ற ஒரு மாணவி

அனைவரும் பணிந்துவிடவில்லை. சோஃபி சோல் சிறுமியாக இருந்தபோது நாஜிப் பெண்கள் இயக்கத்தில் ஆர்வத்தோடு சேர்ந்தவர். பின்னர் உண்மையை உணர்ந்து விலகினார். ஊல்ம் நகரில் ஃபுரோபல் பெயரிலமைந்த நிறுவனத்தில் பாலர் பள்ளி ஆசிரியர் பயிற்சி பெற்றார். மியூனிக் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, தம் அண்ணன் ஹான்ஸ் முதலியோரின் 'வெள்ளை ரோஜா' குழுவில் இணைந்தார். ஹிட்லர் ஆட்சியை எதிர்க்குமாறு துண்டறிக்கைகள் வழங்கியதற்காக 1943 பிப்ரவரி 18இல் கைது செய்யப்பட்டார். நான்கே நாளில் அவருக்கும் அண்ணனுக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அப்போது அவருக்கு அகவை 21. அக்குழுவுக்குத் துணைநின்ற பேராசிரியர் கூர்ட் ஹூபரும் அதே ஆண்டு கொல்லப்பட்டார்.

உண்மையைப் பாடமாக்கிய நாடு

1945 மே மாதம் போர் முடிந்தது. நாஜிப் பாடநூல்கள் அகற்றப்பட்டன. நாடு இரண்டாகப் பிரிந்தது. மேற்கில் பல ஆண்டுகள் அண்மை வரலாற்றைப் பேச ஆசிரியர்களும் பெற்றோர்களும் தயங்கினர். 1963 முதல் 1965 வரை ஃபிராங்க்ஃபர்ட்டில் நடைபெற்ற ஆஷ்விட்ஸ் வழக்கு அந்த மௌனத்தைக் கலைத்தது. 1970 டிசம்பர் 7இல் வார்சாவின் யூத நினைவிடத்தின் முன் தலைமை அமைச்சர் வில்லி பிராண்ட் மண்டியிட்டார். நாஜிகளை எதிர்த்து நாட்டைவிட்டு வெளியேறி வாழ்ந்தவர் அவர். தாம் செய்யாத குற்றத்திற்காகத் தம் நாட்டின் சார்பில் அவர் மண்டியிட்டதே அச்செயலின் சிறப்பு.

1972இல் ஜெர்மனியும் போலந்தும் ஒரு பாடநூல் ஆணையத்தை அமைத்தன. ஒருவர் நாட்டைப் பற்றி மற்றவர் நூலில் உள்ள பிழைகளையும் வெறுப்பையும் இருநாட்டு அறிஞர்களும் கூடியமர்ந்து களைந்தனர். கிழக்கு ஜெர்மனியிலோ 1978 முதல் படைப்பயிற்சி ஒரு பள்ளிப் பாடமாகவே இருந்தது. 1989 அக்டோபர் 9இல் லைப்சிக் நகரில் ஏறத்தாழ 70,000 மக்கள் அமைதியாக ஊர்வலம் சென்றனர். ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. 1990 அக்டோபர் 3இல் நாடு மீண்டும் ஒன்றானது. 2016இல் இருநாட்டுப் பள்ளிகளுக்குமான பொது வரலாற்றுப் பாடநூலின் முதல் தொகுதி ஜெர்மன், போலிஷ் ஆகிய இரு மொழிகளிலும் வெளிவந்தது. விரேஷ்ணியாவில் பிரம்படி விழுந்து அப்போது நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது

பள்ளிக்கூடம் இருப்பதனாலேயே ஒரு சமுதாயம் உயர்ந்துவிடும் என நாம் நம்பிவிடக் கூடாது. ஒரே பள்ளி அமைப்பு ஹும்போல்ட்டின் கையில் மனிதரைப் பண்படுத்தியது. நாஜிகளின் கையில் கொலைக்குப் பழக்கியது. தாய்மொழிப் பற்றும் அத்தகையதே. தன் மொழியைக் காப்பது கடமை. பிறர் மொழியை இகழ்வது அக்கடமையின் பகுதியன்று.

ஆசிரியர்களே, நாளைய பாடத்தில் நாம் கொடுக்கும் ஓர் எடுத்துக்காட்டு, ஒரு கணக்கு, பிற இனத்தவரைப் பற்றி விளையாட்டாகச் சொல்லும் ஒரு சொல், இவை பிள்ளையின் உள்ளத்தில் எதனை விதைக்கின்றன என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம். பெற்றோர்களே, "இன்று எத்தனை புள்ளிகள் வாங்கினாய்?" என்று கேட்பதோடு, "இன்று யாரைப் பற்றி என்ன கற்றாய்?" என்றும் பிள்ளைகளிடம் கேளுங்கள். அதற்கு வரும் விடையை அமர்ந்து கேட்க வேண்டியது நம் பொறுப்பு.