சொந்த ஊர்: ஒரு கோடு போதுமா?

போன எபிசோடுக்கு அப்புறம் சிலர் கேட்டிருந்தீங்க: "சமூக ஆராய்ச்சின்னா வீடு வீடாப் போய் ஃபாரம் நிரப்புறதுதானே? அதுல வரலாறு எங்க இருக்கு?" இன்னைக்கு அதைத்தான் பேசப்போறேன். நான் வளர்ந்த நெய்வேலியிலிருந்து தொடங்குறேன்.

டவுன்ஷிப்பைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். நேரான சாலைகள், எண் போட்ட பிளாக்குகள், ரெண்டு பக்கமும் மரங்கள். எங்களைப் பொறுத்தவரை ஊரோட வரலாறு 1956-ல தொடங்குது. அந்த வருஷம் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கிடைத்தது. அதுக்கு முன்னாடி இங்க யார் இருந்தாங்கன்னு நான் யோசிச்சதே இல்லை.

எம்.ஏ. படிக்கும்போது ஒரு ப்ராஜெக்ட். சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துட்டு இடம் மாறின குடும்பங்கள் இருக்கும் ஒரு குடியிருப்புக்கு, 22 கேள்விகளோட போனேன். முதல் வீட்டுத் திண்ணையில ஒரு ஆயா. பெயர், வயசு முடிஞ்சு மூணாவது கேள்வி: சொந்த ஊர்.

"எந்த ஊரச் சொல்றது பாப்பா? இப்ப இருக்கறதா, பள்ளமாப் போனதா?"

என் தாளில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. இப்ப இருக்கிற இடத்தை எழுதிட்டு, நாலாவது கேள்விக்குப் போயிட்டேன். ஹாஸ்டலுக்குத் திரும்பி அட்டவணை போட்டப்போதான் உறைச்சது. எல்லாருக்கும் ஒரே சொந்த ஊர். அவங்க எந்தெந்த ஊரிலிருந்து வந்தாங்கன்னு என் ஆய்வில் ஒரு இடத்திலும் இல்லை.

தப்பு எங்கே நடந்தது? ஆராய்ச்சிக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கேள்வி. அப்புறம் அதைப் பற்றி ஏற்கெனவே எழுதினதைப் படிப்பது, கருதுகோள், யாரைக் கேட்பது என்ற மாதிரித் தேர்வு, வினாப்பட்டியல், அதை நாலைந்து பேரிடம் சோதித்துப் பார்க்கும் முன்னோட்டம். அதுக்குப் பிறகுதான் களப்பணி, பகுப்பாய்வு, அறிக்கை. நான் முன்னோட்டத்தைத் தாண்டிக் குதிச்சுட்டேன். இன்னும் பெரிய தப்பு, நோக்கத்தையே குழப்பிக்கிட்டது. ஒண்ணும் தெரியாத இடத்தில் முதலில் செய்ய வேண்டியது தேடலாய்வு, அதாவது உட்கார்ந்து காது கொடுப்பது. எத்தனை பேர், எவ்வளவு நிலம் என்று எண்ணும் விவரண ஆய்வு அடுத்தது. ஏன் இப்படி ஆச்சு என்று காரணம் தேடும் விளக்க ஆய்வு அதுக்கும் அடுத்தது.

சரியா செஞ்சா எப்படி இருக்கும்? உதாரணம் தூரத்தில் இல்லை. நெய்வேலி இருந்த அதே பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், இன்றைய விழுப்புரம் பக்கம், இருவேல்பட்டு என்று ஒரு கிராமம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தன் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, சொந்தக் கிராமங்களைப் பற்றி எழுதி வரச் சொன்னார். 1918-ல் அது புத்தகமாக வந்தது. அதில் இருவேல்பட்டும் ஒன்று. கடனால் ஒரு நிலக்காரரிடமே தலைமுறை தலைமுறையாக கட்டுப்பட்டுக் கிடந்த படியாட்களைப் பற்றி அதில் பதிவு இருக்கு.

விஷயம் அதோட முடியலை. பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் 1936-37-ல் ஸ்லேட்டரின் கிராமங்களில் மறு ஆய்வு நடத்தினாங்க. இருவேல்பட்டுக்கு 1961-ல் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். 1980-களின் தொடக்கத்தில் எஸ்.குகனும் ஜோன் மென்ச்சரும். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ.ஜெயரஞ்சன், கே.நாகராஜ். ஒரே ஊர், தொண்ணூறு வருஷத்துக்கு மேல், ஐந்து முறை. இதுக்குப் பேர் நீள்கால ஆய்வு. படியாள் முறை மறைந்தது, பெரிய நிலக்காரரின் பிடி தளர்ந்தது, வேலை வயலைத் தாண்டி வெளியே போனது என்று இன்னைக்கு ஆதாரத்தோட பேச முடியுதுன்னா, காரணம் 1916-ல யாரோ எழுதி வெச்சதுதான்.

அந்தப் பதிவிலும் குறை உண்டு. 1916-ல் கல்லூரி வரை வந்த பையன், படியாள் வீட்டுப் பிள்ளையாக இருந்திருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. யார் கேட்கிறாங்க என்பதும் பதிலை மாற்றும். டவுன்ஷிப் பொண்ணு நான் போனப்பவும் அதே கதைதான்.

இப்போ நெய்வேலிக்கு வருவோம். சுரங்கத்துக்கு முதலில் நிலம் எடுத்த காலத்தில் இருந்தது 1894-ஆம் ஆண்டு சட்டம். நிலத்தை அள, இழப்பீடு கொடு, அவ்வளவுதான். அந்த மக்களின் வாழ்க்கை என்ன ஆகும்னு முன்கூட்டியே ஆராயும் கடமை அதில் கிடையாது. அது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது: சமூகத் தாக்க மதிப்பீடு. எத்தனை குடும்பம் பாதிக்கும், இதைவிடக் குறைந்த நிலம் போதாதா, வேறு இடம் உண்டா என்று ஆறு மாதத்துக்குள் ஆராயணும். மக்கள் கருத்தைக் கேட்கணும். அறிக்கையை உள்ளூர் மொழியில் வெளியிடணும். அதைப் பரிசீலிக்கும் குழுவில் அரசு சாராத ரெண்டு சமூக அறிவியலாளர்கள் இருக்கணும். ஆராய்ச்சி இங்கே நூலகத்தில் தூங்கும் விஷயமில்லை. நிலத்தை எடுக்கலாமா கூடாதா என்ற முடிவுக்கே அதுதான் அடிப்படை.

ஆனா தமிழ்நாடு ஒரு திருத்தம் கொண்டு வந்து, தொழில் திட்டங்களுக்கான சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்தது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டங்கள் செல்லாது என்றது. அதே வருஷம் அரசு புதுச் சட்டம் போட்டு அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்ட பொக்லைன்கள் இறங்கின காட்சியை நீங்க போன்ல பார்த்திருப்பீங்க. நிலம் எப்பவோ எடுத்தாச்சு என்றது நிறுவனம். விளைஞ்ச பயிர் என்றாங்க விவசாயிகள். அளவைப் புத்தகத்துல நிலம் மட்டும் இருந்தா, அதில் யார் எப்படி வாழ்றாங்க என்பது இப்படிச் சண்டையாகத்தான் வெளியே வரும்.

நான் அந்த ஆயாவைத் தேடித் திரும்பப் போனேன். இந்தத் தடவை வெள்ளைத் தாள். மாரியம்மன் கோயில், ஏரி, களம், யார் வீடு யார் வீட்டுக்குப் பக்கத்துலன்னு சொல்லச் சொல்ல வரைஞ்சேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு. வினாப்பட்டியலில் மூணாவது கேள்வியை மூணாகப் பிரிச்சேன்: பிறந்த ஊர், விட்டு வந்த ஊர், இப்போ இருக்கும் ஊர். மார்க் பெரிசா ஏறலை. ஆனா அந்த வரைபடம் இன்னும் என்கிட்ட இருக்கு.

உங்க தெருவிலும் மெட்ரோவோ மேம்பாலமோ வரலாம். வந்த பிறகு 'முன்னாடி எப்படி இருந்தது'ன்னு அளக்க முடியாது. இந்த வாரம் தெருவிலேயே வயசானவர்கிட்ட உட்கார்ந்து கேளுங்க. எழுதுங்க, மறக்காம தேதி போடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.