கடைசிச் சொல் யாருடையது?

மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் சட்டம் இயற்றுகிறது. மக்கள் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள், ‘செல்லாது’ என்ற ஒரு சொல்லால் அதனைச் சாய்த்துவிடுகின்றனர். எங்கிருந்து வந்தது இந்த அதிகாரம்? அமெரிக்க அரசியல் சட்டத்தை எத்தனை முறை புரட்டினாலும் வெளிப்படையாக அது எழுதப்பட்டிருக்கக் காணோம். 1803-இல் மார்பரி வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் நிலைநாட்டிக்கொண்டது அது. வேடிக்கை என்னவெனில், அதே மார்ஷல் முன்பு அமைச்சராக இருந்தபோது அனுப்பாமல் விட்ட ஒரு நியமன ஆணையால் எழுந்ததே அந்த வழக்கு! அரசியல் சட்டமே உயர்ந்தது, அதனோடு மோதும் சட்டத்தை நீதிபதி எப்படி ஏற்பார் என்று வாதிட்டார் அவர். வாதத்தில் வலுவில்லை என்று நாம் கூறவில்லை. அது யாருக்குக் கேடயமாயிற்று என்றே கேட்கிறோம்.

ட்ரெட் ஸ்காட் ஓர் அடிமை. அடிமைமுறை விலக்கப்பட்டிருந்த இல்லினாய் மாநிலத்திலும் விஸ்கான்சின் நிலப்பகுதியிலும் ஆண்டையோடு வாழ்ந்தவர். அம்மண்ணில் வாழ்ந்ததால் தாம் விடுதலை பெற்றவரே என்று 1846-இல் மிசூரியில் வழக்குத் தொடுத்தார். பதினோராண்டுக் காலம் நீதிமன்றப் படிகள் ஏறினார். 1857 மார்ச் 6-இல் தலைமை நீதிபதி டானி தீர்ப்பளித்தார்: கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்கள் ஆகார், ஆகவே ஸ்காட்டுக்கு வழக்காடும் உரிமையே இல்லை. அத்தோடு நின்றாரா? வட நிலப்பகுதிகளில் அடிமைமுறையைத் தடுத்த 1820-ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாது என்றார். அடிமை ஆண்டையின் உடைமையாம். உடைமையைப் பறிக்க அரசியல் சட்டம் இடந்தராதாம்! மனிதனை மாடாக்கி, மாட்டுக்காரனின் உரிமையைக் காத்தனர் ஒன்பதின்மரில் எழுவர்.

நாட்டு மக்களின் வாழ்வைத் தொடும் கொள்கைகளை நீதிமன்றத் தீர்ப்பே முடிவுகட்டுமானால், மக்கள் தம்மைத் தாமே ஆள்வதாகாது என்று 1861 மார்ச் 4-இல், பதவியேற்ற நாளன்று, எடுத்துரைத்தார் லிங்கன். அன்று அவருக்கு உறுதிமொழி செய்துவைத்தவர் யார்? அதே டானி! அத்தீர்ப்பைத் துடைத்தெறிய ஓர் உள்நாட்டுப் போரும், 1865, 1868 ஆண்டுகளின் திருத்தங்களும் தேவைப்பட்டன. ஸ்காட் அவற்றைக் காணவில்லை. தீர்ப்புக்குப் பின் சில திங்களில் வேறொருவர் கைக்கு மாறி, அவரால் விடுவிக்கப்பட்டு, 1858-இலேயே மறைந்தார்.

1905-இல் ரொட்டித் தொழிலாளரிடம் வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்ற நியூயார்க் சட்டமும், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் வீழ்ந்தது. ஒப்பந்த உரிமை பறிபோகிறதாம்!

ஆயின், 1954-இல் அதே நீதிமன்றம், நிறம் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பிரித்த சட்டங்களை ஒன்பதின்மரும் ஒருமித்துச் சாய்த்ததே, அதற்கு என்ன சொல்வது? வகுப்பறையில் நிற்கும் நாம் அத்தீர்ப்பை வாயார வாழ்த்துகிறோம். ஆனால், அன்று சாய்ந்தவற்றுள் தென் கரோலினா, வர்ஜீனியா மாநிலங்களின் சட்டங்களை இயற்றிய மன்றங்கள் எத்தகையவை? கறுப்பின மக்களில் பெரும்பாலோரை வாக்குச் சாவடிப் பக்கமே வரவிடாமல் விரட்டிவிட்டுக் கூடிய மன்றங்கள் அவை.