வட்டமாய் இட்ட நாற்காலிகள்

கூடிப் படைத்தவர்கள் பல்லாண்டு பிரிந்திருந்து மீண்டும் கூடும்போது எதைப் பற்றிப் பேசுகின்றனர்? பெற்ற புகழைப் பற்றியா, ஈட்டிய பொருளைப் பற்றியா, ஆக்கிய படைப்பைப் பற்றியா? இவ்வினாவுக்கு விடை தரவல்ல நிகழ்ச்சிகள் கலை வரலாற்றில் பல உண்டு. அவற்றுள், தொலைக்காட்சி என்னும் இளைய கலையில் நிகழ்ந்த ஒன்று தனித்துக் கருதத்தக்கது. 'மாஷ்' என்னும் அமெரிக்கத் தொடரில் நடித்தோரும் அதனை எழுதி இயக்கியோரும், தொடர் முடிந்து நாற்பதாண்டுகள் கடந்த பின்னரும் அதனை நினைந்து ஒன்றுகூடிப் பேசிவந்த வரலாறே அது.

போரும் தொடரும்

கொரியப் போர் 25-6-1950 அன்று தொடங்கி, 27-7-1953 அன்று கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கையுடன் ஓய்ந்தது. அப்போரில் அமெரிக்கப் படையினர் போர்முனைக்கு அண்மையிலேயே கூடாரங்களில் அறுவை மருத்துவமனைகளை அமைத்தனர். முனை நகர்ந்தால் மருத்துவமனையும் பெயர்ந்து செல்லும். அம்மருத்துவமனைகளின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகள் சேர்ந்து உருவான சொல்லே 'மாஷ்' என்பதாகும். காயமுற்றோரைக் காக்க அதே போர்க்களத்திற்கு இந்தியாவும் தன் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதற்குத் தலைமை தாங்கிச் சென்ற லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ், அப்பணிக்காக மகாவீர் சக்கரம் பெற்றார் என்பது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

8055ஆம் எண்ணுடைய மாஷ் அணியில் பணிபுரிந்த அமெரிக்க அறுவை மருத்துவர் ஒருவரின் நாவல், 1968ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹூக்கர் என்னும் புனைபெயரில் வெளிவந்தது. 1970இல் ராபர்ட் ஆல்ட்மன் அதனைத் திரைப்படமாக்கினார். 17-9-1972 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடராக அது ஒளிபரப்பாகத் தொடங்கியது. 4077 என்ற கற்பனை எண் கொண்ட மருத்துவமனையே அதன் களம். மூன்றாண்டுகளே நீடித்த போரைப் பற்றிய தொடர் பதினோராண்டுகள் நடந்தது! 250க்கும் மேற்பட்ட பகுதிகள் வெளிவந்தன. தொடங்கிய காலத்தில் வியட்நாம் போர் ஓய்ந்திருக்கவில்லை. கொரியாவின் பெயரால் சொல்லப்பட்டதை மக்கள் வியட்நாமாகவும் கண்டனர்.

தொடரை வடிவமைத்த லாரி கெல்பார்ட்டும் ஜீன் ரெனால்ட்ஸும் வெறுங்கற்பனையை நம்பவில்லை. கொரியாவில் பணியாற்றிய மருத்துவர்களையும் செவிலியரையும் தேடிக் கண்டு, அவர்தம் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்தனர். கொரியாவுக்கே நேரில் சென்றும் வந்தனர். பல கதைகளின் வித்து அவ்வாறு கேட்ட சொற்களில் இருந்தது. நகைச்சுவைத் தொடர் என்பதால், பதிவு செய்த சிரிப்பொலியைச் சேர்த்தே தீரவேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்தியது. அறுவைக்கூடக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி கூடாது என்று படைப்பாளர்கள் வாதாடி வென்றனர். மனிதன் உயிருக்குப் போராடும் இடத்தில் மற்றவர் சிரிப்பு ஒலிக்கலாகாது என்ற அந்த ஒரு வரையறையே தொடரின் அறம் எனலாம்.

நாற்காலி வட்டம்

படப்பிடிப்புக் கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காட்சி முடிந்து, அடுத்த காட்சிக்கு விளக்குகளையும் கேமராவையும் மாற்றியமைக்கும் வரை, நடிகர்கள் தத்தம் ஒப்பனை அறைகளுக்குச் சென்றுவிடுவர். 'மாஷ்' குழுவினர் அவ்வாறு செல்லவில்லை. நாற்காலிகளை வட்டமாக இட்டு அமர்ந்தனர், ஒருவரையொருவர் கேலி செய்தனர், சிரித்தனர், அடுத்த காட்சிக்குரிய உரையாடலைச் சேர்ந்து சொல்லிப் பார்த்தனர். காட்சிக்கு அழைப்பு வந்ததும், பேசிக்கொண்டிருந்த அதே நெருக்கத்தோடு எழுந்து கேமராவின் முன் சென்றனர்.

தலைமைப் பாத்திரமான ஹாக்ஐ பியர்ஸாக நடித்த ஆலன் ஆல்டா, தொடரின் வெற்றிக்கு அந்த வட்டமே காரணம் என்று பலமுறை கூறியுள்ளார். நடிப்பென்பது தன் வரியைச் சொல்வதன்று, எதிரிலிருப்பவர் சொல்வதைக் கேட்பதே என்பது அவர் கொள்கை. கேட்கும் பழக்கம் மேடையில் திடீரென வருவதில்லை; நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதே அது வந்துவிட வேண்டும். கவிஞர்கள் கூடும் இடங்களுக்கும் இது பொருந்தும். வாசிக்கும் திறனை ஒருவர் வீட்டிலிருந்தே கொண்டு வரலாம். கேட்கும் திறனோ பிறரோடு அமர்ந்தால்தான் வாய்க்கும்.

அந்த வட்டம் சோதனைக்கு உள்ளான நாளும் உண்டு. மூன்றாம் ஆண்டின் முடிவில், மருத்துவமனைத் தலைவர் ஹென்றி பிளேக்காக நடித்த மெக்லீன் ஸ்டீவன்சன் தொடரை விட்டு விலகினார். பிளேக் பணி முடிந்து மகிழ்ச்சியோடு தாயகம் திரும்புவதாகக் கதை எழுதப்பட்டது. ஆனால் கடைசிப் பக்கத்தை மட்டும் கெல்பார்ட் நடிகர்களிடம் கொடுக்கவில்லை. ஆல்டா ஒருவரே அதனை முன்னர் அறிந்திருந்தார். மற்றக் காட்சிகள் முடிந்தபின் அப்பக்கம் அளிக்கப்பட்டது. பிளேக் சென்ற விமானம் ஜப்பான் கடல்மீது சுட்டு வீழ்த்தப்பட்டது, எவரும் பிழைக்கவில்லை என்ற செய்தியை, அறுவைக்கூடத்துள் வந்து ராடார் படிக்க வேண்டும். ராடாராக நடித்த கேரி பர்காஃப் படித்தார். எவரும் பேசவில்லை. கத்தியும் ஊசியும் நிற்கவில்லை. அந்த மௌனத்தில் யார் கையிலிருந்தோ ஒரு கருவி நழுவித் தரையில் விழுந்த ஒலி கேட்டது. எழுதப்படாத ஒலி அது. ஆயினும் படத்தில் அப்படியே விடப்பட்டது.

18-3-1975 அன்று அப்பகுதி ஒளிபரப்பானபோது சினமுற்றும் அழுதும் பார்வையாளர்கள் மடல்கள் எழுதினர். போரில் நல்லவர்களும் வீடு திரும்பாமற் போவதுண்டு என்பதே படைப்பாளர்களின் விடை.

கலைந்த கூடாரம்

அதே ஆண்டில் வேய்ன் ராஜர்ஸும், 1977இல் லாரி லின்வில்லும், 1979இல் பர்காஃபும் விலகினர். மைக் ஃபாரெல், ஹாரி மார்கன், டேவிட் ஆக்டன் ஸ்டியர்ஸ் ஆகியோர் வந்து சேர்ந்தனர். நாற்காலிகளில் அமர்ந்தோர் மாறினர், வட்டம் மாறவில்லை. தொடக்கப் பகுதியிலும் இறுதிப் பகுதியிலும் தோன்றிய முதன்மை நடிகர்கள் ஆல்டாவும், தலைமைச் செவிலி மார்கரெட்டாக நடித்த லொரெட்டா ஸ்விட்டும் மட்டுமே.

1982 அக்டோபரில், கலிபோர்னியாவின் மலிபு கிரீக் பூங்காவில் அமைக்கப்பட்டிருந்த வெளிப்புறக் கூடாரங்கள் காட்டுத்தீயில் எரிந்தன. அத்தீயையும் இறுதிக் கதையில் சேர்த்துக்கொண்டனர். ஆல்டா இயக்கிய இறுதிப் பகுதி 28-2-1983 அன்று இரண்டரை மணி நேரம் ஒளிபரப்பாயிற்று. ஏறத்தாழ 10 கோடியே 60 இலட்சம் மக்கள் அதனைக் கண்டனர்.

கடைசியாகப் படமாக்கப்பட்டது வேறொரு பகுதி. அதில் பாத்திரங்கள் தம் நினைவுப் பொருள்களை ஒரு பெட்டியில் இட்டுப் புதைக்கின்றனர். நடிகர்களும் அவ்வாறே ஒரு பெட்டியை ஸ்டுடியோ நிலத்தில் புதைத்தனர். வருங்காலத்தார்க்கென வைத்த அது, பின்னர் நடந்த கட்டடப் பணியின்போது தோண்டி எடுக்கப்பட்டது. மண்ணை நம்பி வைத்த நினைவு நெடுநாள் நிற்கவில்லை. மனிதரிடம் விட்ட நினைவு நின்றதா?

மீண்டும் கூடியோர்

நின்றது, ஆனால் ஒவ்வொரு கூடலிலும் ஒரு குறைவோடு நின்றது. 1991இல் தொடரின் நினைவு நிகழ்ச்சியொன்று ஒளிபரப்பானபோது முதன்மை நடிகர் அனைவரும் உயிரோடிருந்தனர். 1996இல் ஸ்டீவன்சனும், 2000இல் லின்வில்லும் மறைந்தனர். ஆகவே 2002 மே மாதம் ஃபாக்ஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய முப்பதாம் ஆண்டுக் கூடலில் அவ்விருவரும் பேசுவோராக இல்லை, பேசப்படுவோராக இருந்தனர். லின்வில் நடித்த ஃபிராங்க் பர்ன்ஸ் என்னும் பாத்திரம் சிறுமதியும் கோழைத்தனமும் உடையது. அவரோ பேரறிவும் மென்மையும் வாய்ந்தவர் என்பதைத் தோழர்கள் திரும்பத் திரும்ப எடுத்துரைத்தனர். படச்சுருள் காட்ட இயலாத ஓர் உண்மை அது. உடனமர்ந்தவர் சொன்னாலன்றி உலகம் அறியாது.

பின்னர் கெல்பார்ட் 2009இலும், மார்கன் 2011இலும், ராஜர்ஸ் 2015இலும், வில்லியம் கிறிஸ்டஃபர் 2016இலும், ஸ்டியர்ஸ் 2018இலும் மறைந்தனர். 2019இல் ஆல்டா தம் ஒலிவழி உரையாடல் நிகழ்ச்சிக்காக ஸ்விட், ஃபாரெல், பர்காஃப், ஜேமி ஃபார் ஆகியோரை ஒன்றுகூட்டினார். காட்சியில்லை, குரல்கள் மட்டுமே. முதுமை குரலில் தெரிந்தது. ஒருவர் பேச்சை மற்றவர் எடுத்துத் தொடுக்கும் பழைய லயமும் தெரிந்தது. ஐம்பதாம் ஆண்டு நிறைந்த 17-9-2022 அன்று ஆல்டாவும் ஃபாரெலும் இருவராய்ச் சந்தித்தனர். 1-1-2024 அன்று இரண்டு மணி நேர நினைவு நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. 30-5-2025 அன்று ஸ்விட் மறைந்தார்.

இக்கூடல்களில் அவர்கள் பேசியவற்றுள் விருதுகளுக்கும் எண்ணிக்கைகளுக்கும் சிறிதளவே இடம். நாற்காலி வட்டமும், கடைசிப் பக்கத்தைக் கையில் வாங்கிய கணமும், மறைந்த தோழரின் இயல்புமே மீண்டும் மீண்டும் பேசப்பட்டன. சொன்னதையே சொல்கின்றனர் என்று குறைகூறுவோர் உண்டு. எனினும் ஒரே செய்தியை ஐவர் சொல்லக் கேட்பதும், நால்வர் சொல்லக் கேட்பதும் ஒன்றல்ல. ஒவ்வொரு முறையும் மறைந்தவரின் பங்கை மற்றவர் ஏற்றுச் சொல்கின்றனர். படைப்பைப் பேழையில் காக்கலாம். படைப்பு பிறந்த சூழலைக் காப்பதற்கு அதில் இருந்தவரின் வாய்மொழியன்றி வேறு பேழை இல்லை.

இதனை அத்தொடரின் பிறப்பே கற்பித்தது. போர்க்கள மருத்துவர்கள் பேசினர், எழுத்தாளர்கள் கேட்டனர். அதனால் தொடர் பிறந்தது. அவர்கள் பேசாதிருந்தாலோ இவர்கள் கேளாதிருந்தாலோ, கூடாரங்களில் இரவு முழுதும் நின்று உயிர் காத்தோரின் சோர்வும் சிரிப்பும் படைத்துறைக் கோப்புகளில் எண்களாக மட்டுமே எஞ்சியிருக்கும். பின்னாளில் நடிகர்கள் கூடிப் பேசியதும் அக்கேள்வி மரபின் தொடர்ச்சியே. பதினோராண்டும் ஹாக்ஐயாக அணிந்த காலணிகளை ஆல்டா 2023இல் ஏலத்தில் விட்டார். கிடைத்த 1,25,000 டாலரை, அறிவியலைப் பிறர் உணரும்படி எடுத்துரைக்கப் பயிற்றும் தம் பெயரிலான மையத்திற்கே அளித்தார். பொருளைக் கைவிட்டுப் பேச்சைப் பேணினார் எனலாம்.

இறுதிப் பகுதியின் கடைசிக் காட்சி இங்கே எண்ணத்தக்கது. ஃபாரெல் நடித்த பி.ஜே. ஹன்னிகட், பிரியும் வேளையிலும் விடைபெறும் சொல்லைச் சொல்ல மறுக்கிறான். மீண்டும் சந்திப்போம் என்றே சாதிக்கிறான். ஹாக்ஐ ஹெலிகாப்டரில் ஏறி மேலெழுந்து கீழே நோக்குகிறான். வெட்டவெளியில் வெள்ளைக் கற்களை அடுக்கி அச்சொல்லை நண்பன் எழுதி வைத்திருக்கிறான். நிலத்தில் நின்றவர்க்கு அவை வெறுங்கற்கள். உயர்ந்து விலகிய பின்னரே அவை சொல்லாயின.