கிள்ளானில் தொடங்கும் உயரம்

கிள்ளானில் ஒரு நிலம் இத்தனை மீட்டர் உயரம் என்கிறோம், எதிலிருந்து உயரம்?

1802இல் சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் தொடங்கிய நில அளவையைக் கொண்டு, பின்வந்த எவரெஸ்ட் 1830இல் புவிக்கு ஒழுங்கான கணிதப் பரப்பொன்றைப் பொருத்தினார். சிதறிய புள்ளிகள் அனைத்திற்கும் இயன்றவரை அணுக்கமாய்ச் செல்வதே அத்தகைய பரப்பு. அதன் திருத்திய வடிவின்மீதே தீபகற்ப மலேசியாவின் வரைபடங்கள் நெடுங்காலம் எழுந்தன.

ஆனால் நீர் அப்பரப்பை அறியாது. புவியீர்ப்புக்கே அடங்கி ஓடும். ஆகவே, 1984 முதல் 1993 வரை கிள்ளான் துறைமுகத்தில் அளந்த கடல்மட்டத்தின் சராசரி, தீபகற்பத்தின் உயரங்களுக்குச் சுழியாயிற்று. 2002, 2003இல் விமானத்திலிருந்து அளந்த ஈர்ப்பு மதிப்புகளைக் கொண்டு புதிய பரப்பும் பொருத்தப்பட்டது. செயற்கைக்கோள் காட்டும் உயரத்தை நீர் அறியும் உயரமாக்குவது அதுவே.

2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை மறவோம். தாழ்நிலத்தில் வடிகால் வெட்டுவோர்க்கு ஒரு சாண் பிழையும் பெரும்பிழையே.